அடி விழாத நாட்களையும் பதிவு செய்வது: பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பாட்காஸ்ட் தயாரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

"அவர் என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்லக்கா" என்று சொல்லித்தான் அந்தப் பெண் பேசத் தொடங்கினார். அவருடைய கணவர் தினமும் மாலையில் ஸ்கூட்டரின் மீட்டரைப் பார்ப்பாராம். வீட்டிலிருந்து அலுவலகம் போய்த் திரும்ப 11 கிலோமீட்டர். மீட்டரில் 12 கூடியிருந்தால், அந்த ஒரு கிலோமீட்டருக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். ஒருநாள் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மாலையில் காட்டுவதற்காக, தோண்டிய இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். கணவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை எடுக்கும்போது பக்கத்துல யார் நின்னா?" என்று கேட்டிருக்கிறார்.

பேட்டியைத் தொகுத்தபோது இந்தப் பகுதியை நான் வெட்டிவிட்டேன். இதில் எதுவும் நடக்கவில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றியது. முதல் தொகுப்பைக் கேட்ட சக தயாரிப்பாளர், அந்த இரண்டு நிமிடத்தையும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. குற்றப் பாட்காஸ்ட்டின் வழக்கமான அச்சு ஒரு கொலையையோ ஓர் இரவையோ மையமாக வைத்து வார்க்கப்பட்டது; பெண்ணை அடக்கியாளும் வன்முறையோ ஆண்டுக்கணக்கில், எதுவும் நடக்காதது போலத் தோன்றும் நாட்களில்தான் நடந்தேறுகிறது. இந்தப் பொருளில் தொடர் தயாரிக்க நினைப்பவர்கள் முதலில் அந்த அச்சை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே என் அனுபவம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு

ஆங்கிலத்தில் கோயர்சிவ் கன்ட்ரோல் எனப்படுவதை இங்கே 'அடக்கியாளுதல்' என்று குறிப்பிடுகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 2007இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தபோது, இதை ஒரு பெண்ணின் சுதந்திரத்தைப் பறிக்கும் குற்றமாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். எத்தனை அடி விழுந்தது, காயம் எவ்வளவு ஆழம் என்று அளக்கும் வழக்கத்தை அவர் கேள்விக்கு உட்படுத்தினார். பணம், தூக்கம், உடை, நட்பு, நடமாட்டம் என்று அவளுடைய அன்றாடத்தில் யாருடைய அனுமதி தேவைப்பட்டது என்பதைப் பார்க்கச் சொன்னார். அதற்கும் முன்பே, 1984இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள துலூத் நகரில், அடிபட்ட பெண்கள் பலரிடம் கேட்டறிந்ததைக் கொண்டு ஒரு சக்கர வரைபடத்தை உருவாக்கினார்கள். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும், ஆரங்களாக மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்துவைத்தல், பிள்ளைகளைப் பயன்படுத்துதல் போன்றவை, வெளிவட்டமாக உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும். தயாரிப்பாளர்கள் இந்த வரைபடத்தை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நம் குற்றக் கதைகள் பெரும்பாலும் வெளிவட்டத்தை மட்டுமே ஒலிபரப்பி வந்திருக்கின்றன.

சட்டம் இதை எப்படி வரையறுக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டு வழக்கைச் சொல்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தின் வாசகத்தை நேரடியாகப் படித்துவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டின் கடுங்குற்றச் சட்டத்தின் 76ஆவது பிரிவு இதைத் தனிக் குற்றமாக்கியது. தண்டனை அதிகபட்சம் 5 ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் தன்மீது வன்முறை பாயும் என்று குறைந்தது இரண்டு முறையாவது அஞ்சியிருக்க வேண்டும், அல்லது அன்றாட வாழ்க்கையை வெகுவாகப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான கலக்கமோ மனவேதனையோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஸ்காட்லாந்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கே தண்டனை 14 ஆண்டுகள் வரை போகலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் இது தனிக் குற்றம். இந்தியாவில் இதே பெயரில் தனிக் குற்றம் கிடையாது. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழி, பாலியல்வழி வன்முறைகளோடு சொல்லாலும் மனத்தாலும் பொருளாதாரத்தாலும் இழைக்கப்படும் வன்முறையையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஒரு நாட்டில் குற்றமாக இருப்பதை இன்னொரு நாட்டு வழக்கின்மேல் ஏற்றிச் சொல்லிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

எந்த வழக்கை எடுப்பது

முதல் தொடருக்கு, தீர்ப்பு வந்து மேல்முறையீடும் முடிந்த வழக்கையே எடுங்கள் என்பேன். துணிச்சல் குறைவு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்கில் நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சாட்சிகளின் நினைவுக்குள் போய் உட்காரக்கூடியது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் லினெட் டாசன் வழக்கு. 1982 ஜனவரியில் சிட்னியில் காணாமல் போன இரண்டு குழந்தைகளின் தாய் அவர். 2018இல் ஹெட்லி தாமஸ் என்ற பத்திரிகையாளர் 'தி டீச்சர்ஸ் பெட்' என்ற பாட்காஸ்ட் வழியாக அந்த வழக்கை உலகின் காதுக்குக் கொண்டுசென்றார். அதே ஆண்டு டிசம்பரில் கணவர் கிறிஸ் டாசன் கைதானார். அந்தத் தொடரின் தாக்கத்தாலேயே விசாரணை நியாயமாக நடக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. விசாரணையை ஒன்பது மாதம் நிறுத்திவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் 2022இல் ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரித்துக் கொலைக் குற்றத்தை உறுதிசெய்தார். பாட்காஸ்ட் ஒரு வழக்குக்கு உயிரும் கொடுக்கலாம், அதே வழக்கை ஆபத்திலும் தள்ளலாம் என்பதை இந்த ஒரே வழக்கில் பார்த்துவிடலாம். நீங்கள் கண்டுபிடித்த புதிய சாட்சியைப் போலீசுக்குத் தெரிவிப்பதற்கு முன் ஒலிபரப்பாதீர்கள். அவர் சொன்னதை வெட்டாத முழுப் பதிவாக, நாளும் நேரமும் குறித்துப் பாதுகாத்து வையுங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கும் நாள் வரலாம்.

தீர்ப்பை முழுமையாகப் படிப்பதைச் சுருக்கிக்கொள்ளவே கூடாது. இங்கிலாந்தில் சாலி சாலன் என்ற பெண் 2010இல் தன் கணவரைக் கொன்றார். 2011இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2019 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஜூன் மாதம் குறைந்த குற்றத்தை அரசுத் தரப்பு ஏற்றுக்கொண்டதால் விடுதலையானார். 'அடக்கியாளப்பட்டதால் விடுதலை' என்று இந்த வழக்கைப் பலர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்பைப் படித்தால் விஷயம் வேறு: முதல் விசாரணையின்போது கண்டறியப்படாத மனநலக் கோளாறு பற்றிய புதிய மருத்துவச் சான்றுதான் திருப்புமுனை, அந்தச் சான்றைப் புரிந்துகொள்ளும் பின்னணியாகவே அடக்கியாளுதல் வருகிறது, அது தன்னளவில் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஒரு தற்காப்பு வாதம் ஆகாது என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வரிக்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

ஆவணங்கள் கையில் வந்த பிறகு நான் செய்வது ஒரு நாட்குறிப்பு தயாரிப்பது. கொலை நடந்த நாளிலிருந்து பின்னோக்கிப் போகாமல், இருவரும் சந்தித்த நாளிலிருந்து முன்னோக்கி வருவேன். அவளுடைய ஏ.டி.எம். அட்டை எப்போது கணவர் கைக்குப் போனது, அம்மா வீட்டுக்குப் போவது எப்போது நின்றது, வேலையை எப்போது விட்டாள், கைப்பேசியின் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று எழுதிக்கொண்டே வந்தால், முதல் அடிக்கு முன்பே பல பக்கங்கள் நிறைந்துவிடும். பிரிட்டிஷ் குற்றவியலாளர் ஜேன் மங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய கொலைகள் எட்டுக் கட்டங்களாக நகர்வதைக் காட்டியது: ஆணின் பழைய வரலாறு, வேகமாக இறுகும் உறவு, கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாட்டை அசைக்கும் ஒரு நிகழ்வு, தீவிரமடைதல், அவன் எண்ணத்தில் வரும் மாற்றம், திட்டமிடல், கொலை. பெரும்பாலும் அந்த நான்காவது கட்டம் அவள் பிரிந்து போவதோ, போகப் போவதாகச் சொல்வதோதான். 'திடீரென ஆத்திரத்தில்' என்று நாம் சொல்லிப் பழகிய கொலைகளின் நாட்குறிப்பை எழுதிப் பார்த்தால், அந்தத் 'திடீர்' பல இடங்களில் காணாமல் போகும்.

ஒரு விஷயத்தை மட்டும் நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதுங்கள். கழுத்தை நெரித்த சம்பவம் ஒன்றாவது முன்பே நடந்திருக்கிறதா என்பது. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், துணைவர் முன்பு கழுத்தை நெரித்திருந்த பெண்கள் பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வெளியே காயமே தெரியாத இந்தச் செயலை 'கழுத்தைப் பிடிச்சார், அவ்வளவுதான்' என்று பேட்டிகளில் பலர் கடந்து போவார்கள். கேட்பவர் கடந்துவிடக் கூடாது.

பேச வரும் பெண்ணின் பாதுகாப்பு

உயிரோடிருக்கும் பெண் ஒருவர் தன் கதையைச் சொல்ல முன்வந்தால், நல்ல ஒலிப்பதிவு கிடைக்குமா என்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது, இந்தப் பேட்டி நடந்தது அந்த ஆணுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை. உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே, குடும்ப வன்முறை பற்றி ஆய்வு செய்வோருக்காகப் பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. தனியாக மட்டுமே பேட்டி எடுப்பது, யாராவது உள்ளே வந்தால் உடனே வேறு பொருளுக்குப் பேச்சை மாற்றிக்கொள்வது என்று அதில் சொல்லப்பட்டவை இன்றும் அப்படியே பொருந்தும். நான் பேட்டிக்குப் போகும்போது, தொழில் தொடங்குவது பற்றிய ஒரு கேள்விப் பட்டியலைக் கையில் வைத்திருப்பேன். இருவருக்கும் முன்பே தெரிந்த ஒரு சொல் உண்டு; அதை அவர் சொன்னதும் நான் அந்தப் பட்டியலிலிருந்து கேட்கத் தொடங்கிவிடுவேன்.

முதல் தொடர்பே பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான் வருகிறது; சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய வாட்ஸ்அப் வீட்டுக் கணினியிலும் திறந்திருக்கலாம். இருவருக்கும் பொதுவான மின்னஞ்சல் கணக்கில் அழைப்புப் பதிவுகளும் படங்களும் போய்ச் சேரலாம். இருப்பிடத்தைக் காட்டும் வசதி அவருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் கண்டுபிடித்ததும் "உடனே நீக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிடத் தோன்றும், சொல்லாதீர்கள். கண்காணிப்பு அறுந்தது தெரிந்த மறுகணமே அந்த ஆண் உஷாராகிவிடுவார், ஆபத்து கூடும். அந்த ஆணின் கைக்கே எட்டாத வேறொரு தொலைபேசியில், தோழியின் வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ, அந்தப் பெண் குறிக்கும் நேரத்தில் மட்டும் பேசுவதே நல்லது. நேரத்தை அவர்தான் குறிக்க வேண்டும். நீங்களாக ஒருபோதும் அழைக்கக் கூடாது. அவர் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறார் என்றால், பேட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, இத்தகைய பெண்களுக்கு ஆதரவளிக்கும் பணியில் பயிற்சி பெற்ற ஒருவருடன் அவரைச் சேர்த்துவைப்பதே நம் வேலை. பிரிந்து போகும் சமயமே மிகுந்த ஆபத்துள்ள சமயம் என்பதைப் பாட்காஸ்ட்டில் சொல்லிக்கொண்டு, வெளியீட்டுத் தேதிக்காக ஒருவரை அவசரப்படுத்துவது எந்த விதத்திலும் நியாயமாகாது.

சம்மதம் என்பது ஒரு தாளில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுவதில்லை. முழுமையாகச் சொல்லிவிட்ட ஆறுதலில் இருப்பவர், அடுத்த வாரம் அதே பதிவை நினைத்து நடுங்கலாம். ஆகவே பதிவுக்கு முன் ஒருமுறை, பதிவு முடிந்து சில நாட்கள் கழித்து ஒருமுறை, தொகுத்த பகுதியை அவரே கேட்ட பிறகு ஒருமுறை, வெளியிடுவதற்கு முதல் நாள் ஒருமுறை என்று நான்கு முறை கேளுங்கள். எந்தத் தேதி வரை அவர் முழுமையாக விலகிக்கொள்ளலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். வெளியான பிறகு தொடரிலிருந்து நீக்க முடியும், ஆனால் ஏற்கெனவே தரவிறக்கம் செய்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் அது ஏமாற்று.

அடையாளத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்தால், அதை முழுதாகக் காப்பாற்ற வேண்டும். குரலின் சுருதியை மட்டும் ஏற்றியோ இறக்கியோ வெளியிட்டால், மென்பொருள் தெரிந்த எவரும் அதைத் திருப்பிவிடலாம். அதைவிட முக்கியம், அவரோடு வாழ்ந்த ஆணுக்கு அவருடைய பேச்சின் இழுப்பும், அடிக்கடி வரும் சொல்லும், பெருமூச்சும் போதும். ஆகவே பேசியதை எழுத்தாக்கி, வட்டார வழக்கையும் மாற்றி, ஒரு நடிகரைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பது நடிகர் என்பதைக் கேட்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, தொழில், திருமண ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் வன்கொடுமையும் சேர்ந்த வழக்கு என்றால், பல நாடுகளில் இது சட்டத்தின் கட்டாயம். இந்தியாவில் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயரைச் சொல்லாவிட்டாலும் அவர் யாரென்று தெரிய வைக்கும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியிருக்கிறது.

கேள்வி கேட்கும் முறை

"ஏன் அப்பவே விட்டுட்டு வரல?" என்ற கேள்வியை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படாத நாளே அவர் வாழ்க்கையில் இருந்திருக்காது. அதற்குப் பதிலாக, "நீங்க போகாம இருக்க அவர் என்னென்ன செஞ்சார்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு அவர் தலையைக் குனிவார். இரண்டாவது கேள்விக்கு நிமிர்ந்து யோசிப்பார், பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, வீட்டுச் சாவி எத்தனை இருந்தன, குளிக்கும்போது கதவைத் தாழிட அனுமதி இருந்ததா என்று பொருட்களைப் பற்றிக் கேட்பது, உணர்ச்சிகளைப் பற்றிக் கேட்பதைவிடப் பல மடங்கு பயன் தரும். "அப்போ எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வி பெரும்பாலும் அழுகையில்தான் முடியும். "அன்னிக்கு மணி எத்தனை இருக்கும்?" என்று கேட்டால் ஒரு காட்சி விரியும்.

அழுதால் பதிவை நிறுத்துங்கள். தொடர்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நினைவு முன்பின்னாக வருவதையும், தேதிகள் குழம்புவதையும் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சரிபார்க்கும் கடமையிலிருந்து அது உங்களை விடுவிக்காது. குறுஞ்செய்திகள், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, அப்போது அவர் மனம்விட்டுப் பேசிய ஒருவரின் சாட்சியம் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு முக்கியமான தகவலுக்கும் துணை நிற்க வேண்டும். அவரை நம்புவதால்தான் இதைச் செய்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் வருத்தப்படுவதில்லை.

சொற்கள்

தமிழில் குற்றச் செய்தி எழுதும் மொழி, பல ஆண்டுகளாக ஆணின் கண்ணால் பார்த்தே பழகிவிட்டது. 'நடத்தையில் சந்தேகப்பட்டு மனைவியைக் கொன்ற கணவன்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். கொன்றவர் கொடுத்த காரணம் எந்தச் சோதனையும் இல்லாமல் தலைப்பின் முதல் சொல்லாகிவிடுகிறது. இறந்த பெண் தன்மீது விழுந்த பழியை மறுக்கவே முடியாது. 'குடும்பத் தகராறு' என்றால் இரண்டு பக்கமும் சமமாகச் சண்டையிட்டது போல ஆகிவிடும். 'காதல் தோல்வி' என்றால் பின்தொடர்ந்து மிரட்டியவர் பரிதாபத்துக்குரியவராகிவிடுவார். 'கற்பழிப்பு' என்ற சொல்லை நிறைய இதழ்கள் கைவிட்டு 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதத் தொடங்கிவிட்டன. பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒலிப்பதிவில் தானாக வந்துவிடும், கவனம் தேவை.

இன்னொன்று செயப்பாட்டு வினை. 'அவள் தாக்கப்பட்டாள், மிரட்டப்பட்டாள், கொல்லப்பட்டாள்' என்று எழுதிக்கொண்டே போனால் செய்தவர் கதையிலிருந்தே மறைந்துவிடுவார். நிரூபிக்கப்பட்ட செயலுக்கு எழுவாயைக் கொடுங்கள்: அவர் பூட்டினார், அவர் பணத்தை எடுத்துக்கொண்டார், அவர் நெரித்தார். நிரூபிக்கப்படாததற்கு 'என்று அரசுத் தரப்பு கூறுகிறது', 'என்று அவர் சாட்சியமளித்தார்' என்று சொன்னவரைக் குறிப்பிடுங்கள்.

அவன், அவள், அவர் என்பதையும் தொடர் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை 'அவன்' என்று சொன்ன அந்த இடத்திலேயே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கொலையான பெண்ணை 'அவள்' என்றும், விசாரித்த அதிகாரியை 'அவர்' என்றும் சொல்லும்போது, யாருக்கு மரியாதை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். தொடரில் வரும் குறிப்பிட்ட நபர்கள் எல்லோருக்கும் 'அவர்' என்பதே என் வழக்கம். இந்தக் கட்டுரையில் பொதுவாகப் பேசும் இடங்களில் மட்டும் 'அவள்', 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். தண்டனை பெற்ற பின்பும் 'அவர்' என்றே சொல்வது சிலருக்கு உறுத்தும். கோபம் நம் சொல்விகுதியில் இருக்க வேண்டியதில்லை, நாம் அடுக்கும் உண்மைகளில் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களைப் பயன்படுத்தினால் அவற்றின் சொந்தக்காரரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐ.நா. அமைப்புகளின் கணக்கின்படி 2023இல் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள், அதாவது நாளொன்றுக்கு சராசரியாக 140 பேர். இது ஒரு மதிப்பீடு என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது.

ஒலி

கதவு அறையும் சத்தம், பெண்ணின் அலறல், இதயத் துடிப்பு ஆகிய மூன்றும் எந்த ஒலி நூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். மூன்றையும் தொடாதீர்கள். அவசர உதவி எண்ணுக்கு ஒருவர் கடைசியாகப் பேசிய பதிவு பொது ஆவணமாகவே கிடைத்தாலும், அதை ஒலிபரப்புவதற்கு முன் அவருடைய பிள்ளை அதைக் காரில் கேட்க நேர்வதை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஸ்கூட்டர் பேட்டிக்கு நாங்கள் பின்னணி இசையே சேர்க்கவில்லை. "பன்னெண்டு" என்று சொன்ன பிறகு அவர் நான்கு நொடி பேசாமல் இருந்தார். தொகுப்பில் அந்த நான்கு நொடியையும் அப்படியே விட்டோம். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கும். உங்கள் குரலும் அவர் குரலும் தனித்தனித் தடங்களில் பதிவாகும்படி செய்துகொண்டால், நீங்கள் குறுக்கே சொல்லும் 'ம்' 'அய்யோ' எல்லாவற்றையும் பிறகு எடுத்துவிடலாம். பெண் அடிபடும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தி, அடுத்த வாரம் கேளுங்கள் என்று சொல்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். விளம்பரம் தானாக நுழையும் தளமாக இருந்தால், அது நுழையும் இடங்களை நீங்களே குறித்துக் கொடுங்கள்.

எதிர்த்தரப்பு

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதானால், அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக் கடிதம் அவர் கையில் கிடைக்கும் அந்த நாள், பேசிய பெண்ணுக்கு ஆபத்தான நாளாகவும் இருக்கக்கூடும். எந்த நாளில் அனுப்புகிறோம் என்பதை அந்தப் பெண்ணுக்கும் அவருடைய ஆதரவுப் பணியாளருக்கும் முன்பே சொல்லி, அன்றிரவு அவர் எங்கே இருப்பார் என்பது உறுதியான பிறகே அனுப்புங்கள். அனுப்பவே முடியாத நிலை என்றால் இருவரின் அடையாளத்தையும் மறைப்பதுதான் வழி. வெளியிடும் முன் அவதூறுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் படித்துவிட வேண்டும். அவர் முழு அத்தியாயத்தையும் காதாலும் கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் எழுத்தில் நடுநிலையாகத் தெரியும் ஒரு வாக்கியம் உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தில் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

வெளியிடும்போது

உங்கள் தொடரைக் கேட்கப் போகிறவர்களில் ஒரு பெண், இப்போதும் அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, சமையலறையில் நின்று கேட்பார். அவரை நினைத்து அத்தியாயத்தின் தலைப்பை வையுங்கள். கைப்பேசி பூட்டியிருந்தாலும் தலைப்பு திரையில் தெரியும். காரில் ஏறினால் வண்டியின் திரையில் வரும். குடும்பக் கணக்காக இருந்தால் கேட்டவை பட்டியலில் நிற்கும். 'உன் கணவன் உன்னைக் கண்காணிக்கிறானா?' என்ற தலைப்பு விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அவருக்கு ஆபத்தாக இருக்கும். எண்ணோடு ஒரு சாதாரணச் சொல் போதும். நாங்கள் அந்த அத்தியாயத்துக்கு 'பதினொன்று' என்று மட்டும் பெயர் வைத்தோம். அட்டைப் படத்திலும் கண்ணீர், கைவிலங்கு, இரத்தம் எதுவும் வேண்டாம்.

உதவி எண்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் நிதானமாக இரண்டு முறை படியுங்கள். வெளியிடும் வாரத்தில் நீங்களே ஒருமுறை அழைத்து அவை இயங்குகின்றனவா என்று பாருங்கள். அழைத்த எண் கைப்பேசியின் பட்டியலில் பதிந்திருக்கும் என்பதையும், வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எச்சரிக்கை வாசகம் 'மனதைப் பாதிக்கலாம்' என்று பொதுவாக இல்லாமல், எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் வரை கழுத்தை நெரித்தது பற்றிய பேச்சு வருகிறது என்று குறிப்பாக இருந்தால், வேண்டாதவர் அதைத் தாண்டிக் கேட்க முடியும்.

கடிதங்கள் வரும். "எனக்கும் இப்படித்தான், இது குற்றமா?" என்று கேட்பவருக்கு நீங்கள் சட்ட ஆலோசனையோ, வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆலோசனையோ எழுதாதீர்கள், அந்த மின்னஞ்சலையே வேறொருவர் படிக்கக்கூடும் என்று எண்ணிச் சுருக்கமாகப் பதில் எழுதி, பயிற்சி பெற்றவர்களின் எண்ணைக் கொடுங்கள். பதில் எழுதுவதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்குபவருக்கும் உறக்கம் கெடும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு வைத்து, வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வெளியான ஒரு மாதம் கழித்து, பேசிய பெண்ணை அவர் சொன்ன எண்ணில், அவர் சொன்ன நேரத்தில் அழைத்துப் பேச வேண்டும் என்று நாட்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள். ஸ்கூட்டர் கதையைச் சொன்னவரை அப்படி அழைத்தபோது, விலகி வந்து இரண்டு ஆண்டு ஆகியும் வண்டியை நிறுத்தியதும் தன் கண் தானாகவே மீட்டருக்குப் போவதாகச் சொன்னார். அதையும் தொடரில் சேர்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, அவருடைய பெயரையும் வேலையையும் வெளியிடாமல் எழுத்தில் மட்டும் பயன்படுத்தலாம், ஒலியில் வேண்டாம் என்று செய்தி அனுப்பினார். அந்தத் தொலைபேசி உரையாடலின் பதிவை அன்றே அழித்துவிட்டேன்.